ரயில் வராத பாலம்

எங்கள் வீட்டில் அகால மரணம் என்று ஒன்று வந்தால் அது அம்மாவுக்குத்தான் வரும், அதுவும் இரும்புப் பாலத்தில்தான் வரும் என்று நாங்கள் எல்லாரும் உள்ளுக்குள் நம்பியிருந்தோம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அப்பா குடையைத் தேடும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருக்கிற நாளில்கூட அந்தக் குடை இல்லாமல் அவர் வாசல்படி இறங்கமாட்டார்.

அம்மாவுக்குக் காது கேட்காது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, பிளேக் அடங்கி ஊர் மெல்ல மூச்சுவிட்ட காலத்தில், ஒரு விஷக் காய்ச்சல் வந்து அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. உயிரை விட்டுவைத்ததே பெரிது என்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும் குரலில் நன்றி அவ்வளவாக இருக்காது. அம்மா உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். முகத்துக்கு நேரே நின்று பேசினால் ஒரு சொல் தப்பாது. முதுகுக்குப் பின்னால் அண்டா உருண்டாலும் திரும்பமாட்டாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் சொல்வாள். எங்கள் வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் தெருமுனை வரைக்கும் தெரியும்.

நாங்கள் குடியிருந்தது பிரேசர் டவுனின் ஓரத்தில், ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில். கோயில், நான் பிற்பாடு வாத்தியாரம்மாவாகப் போன மிஷன் பள்ளிக்கூடம், அப்பாவின் ஆபீஸ், எல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். பள்ளம் என்றால் ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்து ஓடும் பெரிய கால்வாய். இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, கரை நெடுக ஊமத்தையும் ஆமணக்கும். சாலை வழியாகப் போனால் ஏகப்பட்ட சுற்று. மணி அடித்த பிறகு கிளம்பினால் பாதிப் பிரசங்கத்தில்தான் போய் உட்கார முடியும். ஆகவே எல்லாரும் ரயில் பாலத்தின் மேலேயே நடந்தார்கள். நடக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு பலகை நட்டிருந்தது. அதை நட்டவர்களின் வீட்டுப் பெண்களும் எங்களோடுதான் நடந்தார்கள்.

இரும்புக் கர்டர்கள், அவற்றின் மேல் ஸ்லீப்பர் கட்டைகள், கட்டைகளுக்கு நடுவே வெறும் இடைவெளி. அவ்வளவுதான் பாலம். இடைவெளியில் கீழே பார்த்தால் தண்ணீர் கறுப்பாக நகர்வது தெரியும். பார்க்காமல் நடக்கவும் முடியாது, காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்தாக வேண்டும். பாலத்தின் பக்கவாட்டில் அங்கங்கே சின்ன மேடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் பலகை, சுற்றிலும் இடுப்பளவு கம்பி. ரயில் வரும்போது தண்டவாள வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்காகக் கட்டியது. நாங்கள் அதைக் கூண்டு என்போம்.

ஊதல் கேட்டால் கூண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கற்ற பாடம் இதுதான். அகரம் எழுதப் பழகியதெல்லாம் அதற்குப் பிறகு. ஊதல் கேட்டதும் யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விசாரிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற கூண்டுக்குள் ஓடிப் புகுந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடை பழகும் குழந்தைக்கே இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தி "கூ" என்று கூவுவாள், குழந்தை தட்டுத் தடுமாறி நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கு அந்த விளையாட்டு அப்போதே பிடிக்காது. குழந்தையின் முகத்தில் சிரிப்பே இருக்காது.

இந்தப் பாடத்தை அம்மாவால் மட்டும் படிக்க முடியவில்லை. அதற்காகத்தான் குடை. புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்து நடப்பது தண்டில், அதாவது பட்டாளக் குடியிருப்பில், துரைமார்களுக்கு மட்டுமே உரிய காரியம். எங்கள் சபையார் பார்க்கும்படி அப்பா அம்மாவின் கையைப் பிடித்திருந்தால் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதைப் பற்றியே பேசியிருப்பார்கள். ஆகவே அப்பா குடையின் நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். வளைந்த பிடி பின்னால் வரும் அம்மாவின் கையில் இருக்கும். அவளுக்குப் பின்னால் நான். ஊதல் கேட்டதும் அப்பா குடையை இரண்டு முறை வெடுக்கென்று இழுப்பார். அம்மா உடனே ஓடுவாள். அப்பாவின் காது அந்தக் குடை வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பா ராணுவ உடுப்புக் கிடங்கில் குமாஸ்தா. சாந்தமான மனிதர், சட்டைக் கழுத்தில் ஒரு சுருக்கம் இருந்தால் பொறுக்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு, அது அவர் காது. தொலைவில் வரும்போதே கூட்ஸா மெயிலா என்று சொல்லிவிடுவார். "எங்காதுல விழாம ஒரு இஞ்சினும் இந்தப் பக்கம் வந்துடாது" என்பார். தன் மனைவிக்கும் சேர்த்துக் கேட்கிற காது என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காது அவளை எத்தனையோ தடவை காப்பாற்றியது.

கூண்டுக்குள் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ரயில் கைக்கெட்டும் தூரத்தில் போகும். பலகை காலடியில் துடிக்கும். கம்பி உதறும். சூடான எண்ணெய் நாற்றம் முகத்தில் அடிக்கும். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே கையை நீட்டிக் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் மட்டும் கண்ணைத் திறந்துவைத்து அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கை எப்போதாவது வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைப்பேன். எதற்காக அப்படி நினைத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து ரயில்காரர்கள் புதுப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். பழைய பாலத்தை ஒட்டியே, இந்தப் பாலத்திலிருந்து வீசினால் ஒரு எலுமிச்சம்பழம் அங்கே போய் விழும் தூரத்தில், கல்தூண் வைத்துக் கனத்த இரும்பில் கட்டினார்கள். வேலை முடிந்ததும் ரயிலெல்லாம் அதன் மேல் ஓடியது. பழைய பாலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கட்டைகளின் மேல் நெடுகப் பலகை அடித்து, வண்டி நுழையாமல் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டு, இனி ஜனங்கள் நடக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நடக்கக் கூடாது என்ற பலகையை ஒருநாள் காணோம். எங்கள் சந்தில் யாரோ அதை மாட்டுக்கொட்டகைக்குக் கதவாக அடித்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு கோயிலில் பாலத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்தினோம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெளியே வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, "இனிமே லைன் கிளியர். உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அம்மா சபையார் எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்போ குடைய வூட்லயே வெச்சுட்டு வரலாமா?" என்று கேட்டாள். அப்பா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மாடு வரும், சைக்கிள் வரும் என்றார்.

அம்மாவுக்கு வந்த சந்தோஷம் எங்கள் யாருக்கும் வரவில்லை. பாலத்தின் நடுவில் நின்று, பக்கத்துப் பாலத்தில் ரயில் போவதைப் பார்ப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. "ரயிலுக்கு மூஞ்சி இருக்குதுடி, இத்தனி வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது" என்று என்னிடம் சொன்னாள். காலடியில் பலகை லேசாக அதிர்ந்தால் போதும், உடனே திரும்பி ரயிலைத் தேடுவாள். தேடிக் கண்டுபிடித்ததும் குழந்தைபோலக் கையாட்டுவாள்.

மற்றவர்கள் திரும்பியது ரயிலைப் பார்க்க அல்ல. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பாலத்தில் போனேன். ஊதல் கேட்டவுடன் பாலத்தில் இருக்கிற அத்தனை பேரின் தோளும் ஒரே சமயத்தில் உயரும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அத்தனை பேரின் கண்ணும் பக்கத்தில் இருக்கிற கூண்டுக்குப் போகும். ஒரு கால் அந்தப் பக்கம் எடுத்து வைத்திருப்பார்கள். பிறகு நினைவு வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு நடப்பார்கள். முதலில் நானும் சிரித்தேன். மாதக்கணக்கில் இது மாறாமல் இருந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் மூடுபனியில், எனக்கு முன்னால் போன ஒரு கனத்த ஆள் நிஜமாகவே கூண்டுக்குள் புகுந்து, கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். நான் கடந்து போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அந்தக் கூண்டுகளையும் யாரும் கவனிக்கவில்லை. நடைபாதைக்குப் புதுப் பலகை அடித்தவர்கள் கூண்டுகளுக்கு அடிக்கவில்லை. சோப்பு விற்கிற ஒரு கன்னடத்து அம்மாள், கீரையைத்தான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சோப்பு என்போம், வழியை விட்டு ஒதுங்கி ஒரு கூண்டில் கூடையை இறக்கிவைத்து உட்காருவாள். ஒருநாள் நான் வரும்போது அவள் நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூடையின் ஒரு பக்கம் பலகைக்குள் இறங்கியிருந்தது. "நோடம்மா, ஹலகெ ஹோய்த்து" என்று பலகை போனதைக் கன்னடத்தில் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பலகை தவிடுபோல உதிர்ந்திருந்தது. அதற்கு அடியில் கூண்டைத் தாங்கிய இரும்பும் துருவேறி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அவள் அன்றைக்கே கடையைப் பாலத்து முனைக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"கூண்டுல இனிமே யாரு போயி நிக்கப் போறா? ரயிலே வராத பாலத்துக்குக் கூண்டு எதுக்கு?"

"விசில் கேட்டா நீங்களே அந்தப் பக்கந்தானேப்பா திரும்பறீங்க."

அவர் கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவினார். "அது பழக்கதோஷம். போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

சரியாகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாலத்தில் ஊதல் கேட்டதும் அவர் குடையை இரண்டு முறை இழுத்தார். இழுத்த பிறகு வெட்கப்பட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்தார். அம்மா ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு எரிச்சலானாள். ரயிலைப் பார்க்கிற நேரத்தில் இழுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஒருநாள் பாலத்தின் நடுவிலேயே குடையைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்து அவரைத் திருப்பி நிறுத்தினாள். "என்னாத்துக்குங்க இழுக்கறீங்க? அதான் ரயிலு அந்தாண்ட போவுதே. இனிமே இழுத்தா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இவர் இழுத்து, இவள் வராமல் இருக்கப்போகிற ஒருநாளை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பலகை இற்றுப்போன கூண்டையும் அப்பாவின் கையையும் சேர்த்து நினைத்தேன். அம்மாவை அவர் அதற்குள் இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் பயந்தேன். பயந்தது பாதிக்குப் பாதி தப்பு.

அறுப்புப் பண்டிகை எங்கள் சபையில் பனிக்காலத்தில் வரும். வயல் எதுவும் இல்லாத குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தையற்காரர்களும் ஆளுக்கு ஒரு காணிக்கையைத் தூக்கிக்கொண்டு போவோம். வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய கோழி, கூடை நிறைய முட்டை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போட்டு, நாம் கொடுத்த பூசணிக்காயையே நாம் இரட்டை விலைக்கு எடுத்துக்கொண்டு வருவோம். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பூசணிக்காய் என் இடுப்பில் இருந்தது.

மூடுபனி அப்படி ஒரு மூடுபனி. பாலத்தில் ஏறியபோது முன்னால் போகிறவர்களின் முதுகு வரைக்கும்தான் தெரிந்தது. பக்கத்துப் பாலம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. எங்கள் சந்து முழுவதும் அன்று பாலத்தில் இருந்தது. கோழிகள் கொக்கரித்தன, யாரோ பண்டிகைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா முன்னால், குடை, அம்மா, நான். பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம்.

பனிக்காக டிரைவர் ஊதலை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். அது எந்தப் பாலத்திலிருந்து வருகிறது என்று அந்த வெள்ளைக்குள் சொல்லவே முடியவில்லை. பின்னாலிருந்து வருவதுபோல இருந்தது, எங்கள் மேலேயே வருவதுபோல இருந்தது. பலகை அதிர ஆரம்பித்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட யாருக்காவது புத்தி வந்து சிரித்திருப்பார்கள். சத்தமே இல்லாமல், நாற்காலிக்கு அடியில் ஓடும் குழந்தைகளாக, அத்தனை பேரும் கூண்டுக்கு ஓடினார்கள். கூண்டில் பலகை இற்றுப்போனது எனக்குத் தெரியும். தெரிந்த என் காலும் ஓடத்தான் எழுந்தது.

ஆனால் எனக்கு முன்னால் அம்மா இருந்தாள். அவள் ஓடவில்லை. காலடி அதிர்ந்ததும் வழக்கம்போலத் திரும்பி ரயிலைத் தேடினாள். பனிக்குள் பக்கத்துப் பாலத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் நகர்ந்து வருவதை அங்கே இருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் பார்த்தாள். அப்பா குடையை இழுத்தார். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு விடாமல் இழுத்தார். அம்மா இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். "வரமாட்டேன்னா வரமாட்டேன்! ரயிலு அங்கப் போவுது பாருங்க!" என்று உரக்கச் சொன்னாள். ஊதலில் அது யார் காதிலும் விழவில்லை.

அப்பாவின் கை விரிந்ததை நான் பார்த்தேன். குடை நுனியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிவிட்டார். எதிர்ப்பிடி விட்டுப்போனதால் அம்மா மல்லாந்து என் மேல் விழுந்தாள். நாங்கள் இருவரும் பலகையில் விழுந்தோம். பூசணிக்காய் உருண்டு போனது.

அதற்குப் பிறகு கூண்டின் இரும்பு பிய்ந்து விழுகிற சத்தம். பக்கத்துப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டே இருந்தது. அதன் ஜன்னல் விளக்குகள் பனிக்குள் மங்கலாக வரிசையாக நகர்ந்தன. அது போய் முடிந்த பிறகுதான் பள்ளத்திலிருந்து அலறல் கேட்டது. அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். அவளுக்கு அலறல் கேட்கவில்லை. யாருமே இல்லாத பாலத்தை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"எங்கடி எல்லாரும்?" என்று என்னைக் கேட்டாள். குடை அவள் கையில் இருந்தது.

அப்பாவை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். சேற்றில் விழுந்ததால் பிழைத்தார். ஒரு கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. எல்லாரும் அப்படிப் பிழைக்கவில்லை. அன்று கோயிலில் காணிக்கை வைக்கும் மேஜைக்கு முன்னால் சவப்பெட்டிகளை வைக்க நேர்ந்தது. அந்தப் பண்டிகையை அதற்குப் பிறகு எங்கள் சபையில் வெகுகாலம் கொண்டாடவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தை வந்து நின்றாள். தம்பியின் காலைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தாங்கவில்லை.

"இவ எப்டி முழுசா உக்காந்திருக்கா? எந்தம்பி இவளை விட்டுட்டு ஓடற ஆளு இல்லியே. என்னா நடந்துச்சு?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "நான்தாங்க விட்டேன். அவரு என்னை இழுத்துக்கினேதான் இருந்தாரு. நான்தான் பிடிவாதமா கைய விட்டுட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொன்னால் அறைந்துவிடுவாள் என்று அந்தப் பார்வையில் இருந்தது. அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கதை ஊர் முழுவதும் நின்றது. காது கேட்காத பெண்டாட்டியைக் காப்பாற்றப் போய்க் கால் போன மனிதர் என்று அப்பாவுக்குக் கோயிலில் முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "செவிடிக்கு அவ்ளோ வீம்பு" என்று பேசினார்கள். சிலருக்கு முன்னால் நின்றே பேசும் தைரியமும் இருந்தது. உதட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு எதுவும் தப்பாது. அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா மேல் வந்ததா, அப்பா மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிச்சக் கூண்டுகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். பாலம் அப்படியே இருந்தது, ஜனங்கள் நடந்தார்கள். அப்பா மட்டும் அதன்பிறகு அதில் கால் வைக்கவில்லை. சுற்றுச் சாலையில் ஜட்கா பிடித்துக் கோயிலுக்குப் போவார். அம்மா பாலத்திலேயே போவாள், தனியாக, வெறுங்கையோடு. குடை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எங்கள் வீட்டில் கொட்டும் மழையிலும் அதை யாரும் எடுத்ததில்லை.

வீட்டில் இருக்கும்போது தூரத்தில் ரயில் ஊதினால் அப்பாவின் விரல்கள் சாய்வு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளும். இப்போது பிடித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு மனதுக்குள் கசப்பாக வரும். பிறகு ஒருநாள் மத்தியானம் நான் கூடத்தில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அவர் தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை நிலைப்படி வரைக்கும் போனார். அம்மா அவருக்கு முதுகைக் காட்டி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயே நின்று, தெளிவாக, "நான்தான் விட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அம்மி ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அது ஒருநாளோடு போகவில்லை. அவருக்கு மனது கனக்கும்போதெல்லாம் அந்த நிலைப்படிக்குப் போவார். எப்போதும் அவள் திரும்பி இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போவார். ஒருமுறை என்னால் பொறுக்கமுடியாமல், "முன்னாடி போயிச் சொல்லுங்கப்பா. அம்மாக்கு முதுகுல கண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "ஆவலம்மா" என்றார். "மூஞ்சியப் பாத்தா சொல்ல ஆவல." அதற்கு மேல் அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், தலை பஞ்சாக நரைத்தது. ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் நான் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பியபோது என் குடையின் கம்பி முறிந்திருந்தது. வேறு வழியில்லாமல் கதவுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பழைய குடையை எடுத்தேன். அம்மா லாந்தர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்ததும், "அத வெச்சுடு" என்றாள். நான் வைக்கவில்லை. அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, சத்தம் வெளியே வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். அன்றைக்கு ஏன் நீதான் விட்டாய் என்று சொன்னாய், விட்டது யார் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

அம்மா கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு மூலையில் கரி இருந்தது, அதையும் துடைத்தாள்.

"உனக்கு மட்டுமாடி தெரியும்?" என்றாள். "ஆஸ்பத்திரில அத்தினி பேரு எதுர்லயும் அந்தக் குடைய மடிமேல வெச்சுக்கினுதான் உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. விட்டவ கையிலயாடி குடை இருக்கும்?"

வழக்கம்போல உரக்கத்தான் சொன்னாள். முன் அறையில் அப்பாவின் சாய்வு நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் அத்தோடு நின்றது. அம்மா லாந்தரில் கண்ணாடியைப் பொருத்திவிட்டு, எட்டி முன் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.